கேள்வி–பதில்: சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கு

ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்களே உள்ள தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த மாதம் தனியாக எடுத்துக்கொண்டோம். பதில் சொல்வது கல்விப் பகுதி ஆசிரியர் குழு.

மகளுக்கு ஒரு நிகர்நிலைப் பல்கலையில் பி.டெக். இடம் கிடைத்திருக்கிறது. அங்கே வாங்கும் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?
— ஒரு தந்தை, தேனி

செல்லும். ஆனால் மூன்று விஷயங்களை நீங்களே சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, நிறுவனம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956-ன் 3-ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்டது நிகர்நிலைப் பல்கலை. மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தொடங்கியது மாநிலத் தனியார் பல்கலை. இரண்டுமே பட்டம் தரலாம். யு.ஜி.சி. இணையதளத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'நிகர்நிலை' என்று போட்டிருந்தால் பதற வேண்டாம். 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அப்படிக் குறிப்பிடச் சொன்னதே யு.ஜி.சி.தான்.

இரண்டாவது, வளாகம். தலைமை வளாகம் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் மகள் உட்காரப்போகும் வளாகத்துக்கும் அனுமதி வேண்டும். தனியார் பல்கலைகளுக்கு வேறு கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. 'எங்கள் ஊர் சென்டரில் படித்தால் அந்தப் பல்கலைப் பட்டம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, படிப்பு. அதற்கும் உரிய அமைப்பின் அனுமதி வேண்டும்: பொறியியல் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு), சட்டம் என்றால் பார் கவுன்சில், மருந்தியல் என்றால் பார்மசி கவுன்சில். அனுமதிக் கடிதத்தில் பாடப்பிரிவின் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளம்பரத்தில் நாக், என்.பி.ஏ. என்ற இரண்டு தரச் சான்றுகளையும் ஒன்றாகக் கலந்து போடுவார்கள். நாக் தரம் மொத்த நிறுவனத்துக்கு, என்.பி.ஏ. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்.பி.ஏ. போன வருடம் தொடங்கிய ஏ.ஐ. பிரிவுக்குச் செல்லாது.

தனியார் பல்கலையில் முதல் வருடக் கட்டணம் முழுவதும் கட்டிவிட்டோம். இப்போது கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்துவிட்டது. 'கட்டியதைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை, அசல் சான்றிதழும் நான்கு வருடம் கழித்துத்தான்' என்கிறார்கள்.
— வாசகி, அரியலூர்

அவர்கள் வழக்கம் எதுவானாலும் யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு நிகர்நிலை, தனியார் பல்கலைகளையும் கட்டுப்படுத்தும். சேர்க்கைக்கு முறையாக அறிவிக்கப்பட்ட கடைசித் தேதியை வைத்துத்தான் கணக்கு. அதற்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் வர வேண்டும். நடைமுறைச் செலவென்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றுமில்லை. திருப்பித் தரத்தக்க காப்புத்தொகை இந்தக் கணக்கில் சேராது, அது தனியாக முழுதாக வர வேண்டும். இது தவிர, அந்தந்த ஆண்டுக்கென்று யு.ஜி.சி. சலுகைத் தேதியும் அறிவிப்பதுண்டு. 2024–25-க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் கூடாது என்று சொன்னது. உங்கள் ஆண்டின் சுற்றறிக்கையை முதலில் பாருங்கள்.

அசல் சான்றிதழை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டு அங்கேயே கையில் கொடுத்துவிட வேண்டும். முழுப் படிப்புக்கான கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கக் கூடாது.

இந்த விவகாரத்தில் பலர் பணத்தை இழப்பது ஒரே காரணத்தால்தான்: அலுவலகத்துக்கு நேரில் போய் வாயால் சொல்லிவிட்டு, 'அடுத்த வாரம் வாங்க' என்பதை நம்பித் திரும்பிவிடுகிறார்கள். விலகல் தேதி என்பது நீங்கள் எழுத்தில் கொடுத்த தேதி. இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டண ரசீது எண், விண்ணப்ப எண், வங்கிக் கணக்கு விவரம் மூன்றும் அதில் இருக்கட்டும். அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். பதில் இல்லையென்றால் பல்கலையின் மாணவர் குறைதீர் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 2023 விதிகளின்படி அந்தக் குழு 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையெனில் அடுத்த 15 நாளுக்குள் பல்கலையின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். யு.ஜி.சி.யின் இ-சமாதான் புகார்த் தளத்திலும் பதிவு செய்து வையுங்கள்.

ஒரு பாடத்தில் இதுவரை 40 வகுப்பு நடந்திருக்கிறது, நான் 27-க்குப் போயிருக்கிறேன். இனி ஒன்றுகூட விடாமல் போனால் 75 சதவீதம் வந்துவிடும்தானே?
— மூன்றாம் செமஸ்டர் மாணவர், சேலம்

முதலில் சூத்திரம்: நடந்த வகுப்பை மூன்றால் பெருக்குங்கள், போன வகுப்பை நான்கால் பெருக்கிக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் தொடர்ந்து போக வேண்டிய வகுப்புகளின் எண்ணிக்கை. உங்களுக்கு 120-லிருந்து 108 போக 12. அதாவது 52-க்கு 39 வந்தால் சரியாக 75.

சிக்கல் என்னவென்றால், மூன்று கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு) பாடத்துக்கு ஒரு செமஸ்டரில் சுமார் 45 மணி நேரம்தான். உங்களுடையதும் அப்படியென்றால் மீதி ஐந்தே வகுப்பு. எல்லாவற்றுக்கும் போனாலும் 45-க்கு 32, 71.1 சதவீதம். இனி வருகையை மட்டும் வைத்து எட்ட முடியாது.

எனவே வகுப்பைவிட முக்கியமான வேலை, விட்டுப்போன ஓ.டி.யை (கல்லூரி சார்பாக வெளியே போன நாளுக்குத் தரும் 'ஆன் டியூட்டி' வருகை) தேடுவது. சிம்போசியம், விளையாட்டு, என்.எஸ்.எஸ்., பிளேஸ்மென்ட் தேர்வு என்று போன நாட்களைப் பட்டியலிடுங்கள். 45-க்கு 34 இருந்தால் 75.6 சதவீதம். ஆக உங்களுக்குத் தேவை இரண்டே மணி நேரம். ஓ.டி. படிவத்தில் துறைத்தலைவர் கையெழுத்து ஆகியிருக்கும், ஆனால் போர்ட்டலில் ஏற்றியிருக்க மாட்டார்கள். பெரும்பாலான வருகைக் குறைவுப் புகார்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. பாட ஆசிரியர், வகுப்பு ஆலோசகர், அலுவலகம் என்று மூன்று கை மாறும்போது எங்கோ நின்றுவிடுகிறது. கையெழுத்தான படிவத்தை உடனே செல்போனில் படம் எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் இதை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஓ.டி. எதுவும் இல்லையென்றால் 65-க்கும் 75-க்கும் இடைப்பட்டவர்களுக்குப் பல இடங்களில் மருத்துவக் காரணத்துக்காக விலக்கு உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு. மருத்துவச் சான்றைக் கல்லூரிக்குத் திரும்பிய சில நாளிலேயே கொடுத்திருக்க வேண்டும். செமஸ்டர் முடியும்போது பழைய தேதி போட்ட சான்றுடன் வருகிறவர்களை எந்த அலுவலகமும் நம்புவதில்லை, நியாயமும் அதுதான். 65-க்குக் கீழே போனால் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். உங்கள் பல்கலை பாடவாரியாகப் பார்க்கிறதா, மொத்தமாகப் பார்க்கிறதா என்பது ரெகுலேஷன் (பாட, தேர்வு விதிகள்) புத்தகத்தில் இருக்கும். சீனியர் சொல்வதைக் கேட்காதீர்கள். அவருடைய ரெகுலேஷன் வேறாக இருக்கலாம்.

முதல் செமஸ்டர் 8.0, இரண்டாவது 7.0. போர்ட்டலில் சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) 7.45 என்று காட்டுகிறது. 7.5 வர வேண்டாமா?
— மாணவி, நாகர்கோவில்

போர்ட்டல் சரி. கிரெடிட்டை வைத்துத்தான் சராசரி எடுக்க வேண்டும். உங்கள் மதிப்பெண் பட்டியலில் முதல் செமஸ்டர் 20 கிரெடிட், இரண்டாவது 24. 20 முறை 8, 24 முறை 7, கூட்டினால் 328. அதை 44-ஆல் வகுத்தால் 7.45. இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: நான்கு கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறுவது, ஒரு கிரெடிட் லேபில் நான்கு கிரேடு ஏறுவதற்குச் சமம். நேரம் குறைவாக இருக்கும்போது எதைப் படிப்பது என்று தெரியும்.

சதவீதமாக மாற்ற எல்லோரும் பத்தால் பெருக்குகிறார்கள். எல்லாப் பல்கலைக்கும் அது பொருந்தாது. தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் தரும் மாற்றுச் சான்றில் இருக்கும் வாய்பாட்டை மட்டுமே விண்ணப்பங்களில் போடுங்கள்.

எங்கள் துறையில் ஒரு வகுப்புக்கு 22 பேர்தான். நான் கேட்ட விருப்பப் பாடத்தை 'ஆள் சேரவில்லை' என்று ரத்து செய்துவிட்டார்கள். என்.பி.டி.இ.எல். மூலம் படித்துக்கொள் என்கிறார் துறைத்தலைவர். நம்பிப் போகலாமா?
— ஐந்தாம் செமஸ்டர் மாணவர், தஞ்சாவூர்

சின்ன இடத்தின் பெரிய குறை இதுதான். பட்டியலில் முப்பது விருப்பப் பாடம் இருக்கும், நடப்பது நான்கு. அதனால் துறைத்தலைவர் சொன்னது நல்ல வழிதான். என்.பி.டி.இ.எல். என்பது ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணையவழிப் பாடங்கள்; அவை வருவது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில். ஸ்வயம் வழியாக ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை எடுக்க யு.ஜி.சி.யின் 2021 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் சேராதீர்கள். எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்பதைப் பல்கலையின் கல்விக் குழு ஏற்றதாக ஒரு சுற்றறிக்கை வேண்டும். 12 வாரப் பாடத்துக்குத்தான் பொதுவாக மூன்று கிரெடிட் தருவார்கள். எட்டு வாரத்துக்கு இரண்டு, நான்கு வாரத்துக்கு ஒன்று. தலைப்பு ஒன்றாக இருக்கிறதே என்று எட்டு வாரப் பாடத்தில் சேர்ந்துவிட்டு, கடைசியில் ஒரு கிரெடிட் குறைந்து நிற்பவர்கள் உண்டு.

தேர்ச்சி முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டை எடுத்துக்கொள்வார்கள். 25-க்கு 10-ம், 75-க்கு 30-ம் தனித்தனியாக வாங்க வேண்டும். தேர்வில் 60 எடுத்துவிட்டு அசைன்மென்ட்டில் 8 வைத்திருந்தால் சான்றிதழ் கிடையாது. முதல் மூன்று வாரம் ஆர்வமாகச் செய்துவிட்டு, இன்டர்னல் தேர்வு வந்ததும் விட்டுவிடுகிறவர்கள் சிக்குவது இங்கேதான்.

பாடத்தில் சேருவது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். இந்த இரண்டாவது பதிவை மறப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. அதற்கான கடைசித் தேதி போய்விட்டால் யாராலும் உதவ முடியாது. தேர்வு குறிப்பிட்ட மையத்தில் நேரில் நடக்கும். முடிவு வரச் சில வாரம் ஆவதால், எட்டாம் செமஸ்டருக்கு என்று இதை மிச்சம் வைக்காதீர்கள். வேலைக்குச் சேரும் தேதி வந்திருக்கும், கிரெடிட் வந்திருக்காது. ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் சரியான காலம்.

விடுதி அறையில் மூட்டைப்பூச்சி. வார்டன் மருந்தடிக்க ஆள் அனுப்பினார், பத்து நாளில் மறுபடி வந்துவிட்டது. மெத்தையை வெயிலில் போட்டும் போகவில்லை.
— விடுதி மாணவர்கள் நால்வர், விழுப்புரம்

மருந்து தோற்கவில்லை, பாதியில் நின்றுவிட்டது. அடிக்கும் மருந்து பெரும்பாலும் நடமாடும் பூச்சியைத்தான் கொல்லும், முட்டையைத் தொடாது. நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஆறிலிருந்து பத்து நாளில் பொரியும். நீங்கள் பார்த்தது அந்தக் குஞ்சுகளை. ஆகவே முதல் தடவை அடித்த 10–14 நாளில், குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன், இரண்டாம் தடவை அடித்தே ஆக வேண்டும். வார்டனிடம் புகார் எழுதும்போதே இரண்டு தேதிகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் அறையோடு இருபக்க அறை, மேல், கீழ் அறைகளுக்கும் அடிக்கச் சொல்லுங்கள். சுவர் விரிசலும் மின்குழாயும் அவற்றுக்குப் பொதுப்பாதை.

அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது: கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். இரும்புக் கட்டிலின் குழாய் முனைகள், போல்ட் துளைகள், பற்றவைத்த மூலைகள்தான் கோட்டை. கட்டிலை வராந்தாவுக்குக் கொண்டுபோய் அந்த இடங்களில் கொதிநீரை நேராக ஊற்றுங்கள். தேங்காய்நார் மெத்தையின் தையல் ஓரம் முழுவதும் பாருங்கள், துருப்பிடித்த நிறத்தில் புள்ளி இருந்தால் அங்கே இருக்கிறது. துணி, போர்வை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். வெயிலில் மெத்தையின் மேற்பரப்புதான் சூடாகும், பூச்சி உள்ளே போய்விடும். அதனால்தான் அந்த வைத்தியம் பலிக்கவில்லை.

செய்யக் கூடாதவை இரண்டு. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வாங்கி வந்து அறையில் தெளிக்காதீர்கள். மூடிய அறையில் அது உங்களுக்குத்தான் விஷம். நண்பன் அறைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வாரக்கடைசியில் ஊருக்குப் போனால் பையை வீட்டு வாசலிலேயே காலி செய்து, துணியை நேரே வெந்நீரில் போடுங்கள். உணவில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் பிராணி அது. காலி அறையில் பட்டினி கிடந்து சாகும் என்று விடுமுறையை நம்ப வேண்டாம்.

எலெக்ட்ரிக் கெட்டிலைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். ஒரு டீக்கு இவ்வளவு கெடுபிடியா?
— மாணவர், ஈரோடு

1,500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். அறையிலிருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். ஒரே லைனில் மூன்று அறையில் ஒரே நேரத்தில் போட்டால் 20 ஆம்பியர் நெருங்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை கூடினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அவ்வளவு சிறிய கூடுதலுக்கு உடனே விழாது. வயரும் தளர்ந்த சாக்கெட்டும்தான் சூடேறும். கெடுபிடி சரியானதே. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாடியிலும் 16 ஆம்பியர் இணைப்போடு ஒரு வெந்நீர் இயந்திரம் வைக்கச் சொல்லி விடுதிக் குழுவில் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

இரவு பத்து மணிக்கு மேல் 'இன்ட்ரோ' என்று சீனியர்கள் அறைக்கு அழைக்கிறார்கள். சின்ன வளாகம், புகார் கொடுத்தால் யார் கொடுத்தது என்று மறுநாளே தெரிந்துவிடும்.
— பெயர் வேண்டாம்

பெயரில்லாமலும் புகார் தரலாம். தேசிய ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். தேதி, நேரம், விடுதிப் பெயர், அறை எண், வாட்ஸ்ஆப் அழைப்பின் ஸ்கிரீன்ஷாட் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசுங்கள். 'எங்கள் காலேஜில் ராகிங் நடக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் நடவடிக்கை எடுக்க அவர்களுக்குப் பிடி கிடைக்காது. தமிழ்நாட்டில் 1996-ல் மருத்துவ மாணவர் பொன்.நாவரசு கொல்லப்பட்ட பிறகு 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 'இன்ட்ரோ' என்று பெயர் மாற்றினாலும் விதி ஒன்றுதான்.

ஆய்வுக் கட்டுரை தேடினால் பணம் கேட்கிறது. 'ஒரு தேசம் ஒரு சந்தா' திட்டத்தில் எல்லோருக்கும் இலவசம் என்றார்களே?
— முதுநிலை மாணவி, மதுரை

2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. தனியார் பல்கலைகள் முதல் கட்டத்தில் இல்லை. உங்கள் நூலகம் டெல்நெட் (நூலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பு) உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள்; இருந்தால் பிற நூலகங்களிலிருந்து கட்டுரையோ புத்தகமோ தருவித்துத் தருவார். இந்திய ஆய்வேடுகள் சோத்கங்கா இணையதளத்தில் இலவசம். கட்டுரையாசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டால் பலர் பி.டி.எப். அனுப்பிவிடுகிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊரிலேயே 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறதே. பாடப் புத்தகங்களுக்குப் பல தனியார் பல்கலை நூலகங்களைவிட அது மேல்.

கல்விக் கடன் வாங்கித்தான் சேர்க்கப் போகிறோம். முதல் பட்டதாரி சலுகையும் சேர்ந்தால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.
— ஒரு தாய், கள்ளக்குறிச்சி

அந்தச் சலுகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெறுபவர்களுக்கு. நிகர்நிலைப் பல்கலைகள் அந்தக் கலந்தாய்வில் இல்லை. வங்கிகளின் பொதுத் திட்டத்தில் 4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ரசீதில் இருக்கும் கட்டணத்துக்குத்தான் கடன். ரசீது இல்லாமல் கேட்கும் பணம் நன்கொடை. தமிழ்நாட்டில் 1992 சட்டப்படி அதை வாங்குவதே குற்றம்.

இறுதி ஆண்டு. கிளம்புவதற்கு முன் என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?
— எட்டாம் செமஸ்டர் மாணவி, திருநெல்வேலி

முதலில் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று நம்மில் பலருக்கு மூன்று பெயர். வாங்கிய கிரெடிட்களைச் சேமித்து வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கு (ஏ.பி.சி.) டிஜிலாக்கர் வழியாக ஆதார்ப் பெயரை எடுத்துக்கொள்ளும், பல்கலைப் பதிவேட்டில் வேறாக இருந்தால் மதிப்பெண்கள் அதில் ஏறாது. பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன் திருத்துவது ஒரு விண்ணப்பம். அச்சான பிறகு அபிடவிட், கட்டணம், பல மாத அலைச்சல்.

அடுத்து, நோ டியூஸ் (பாக்கி இல்லை) படிவம். நூலகம், லேப், விடுதி, பஸ் எல்லாக் கையெழுத்தும் ஆன பிறகுதான் காப்புத்தொகை வரும். நூலகப் புத்தகம் ஒன்று தொலைந்திருந்தால் இப்போதே அதே பதிப்பை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அபராதத்தைவிட அது மலிவு. மாற்றுச் சான்றிதழ், இடம்பெயர்வுச் சான்றிதழ், தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் எல்லோரும் வாங்குவதுதான். பலர் விடுவது பயிற்றுமொழிச் சான்று, கிரேடு மாற்றுச் சான்று, முத்திரையிட்ட பாடத்திட்ட நகல். தேர்ச்சி பெற்ற 180 நாளுக்குள் பட்டம் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி, பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால் இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கோ வேறு மாநில எம்.டெக்.குக்கோ பாடத்திட்ட நகல் கேட்பார்கள். ரெகுலேஷன் மாறிவிட்டால் பழையது இணையதளத்திலிருந்து போய்விடும், துறையில் உங்களைத் தெரிந்த ஆசிரியரும் வேறு கல்லூரிக்கு மாறியிருப்பார். இந்த மாதமே இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வாங்கி வைத்துவிடுங்கள்.